குப்புறக் கிடக்கும் புத்தகம்

“முடிக்கிறீங்களா, இல்ல எல்லாத்தையும் தூக்கி அடுப்புல போடட்டுமா?” என்று ரீடிங்காரரின் மனைவி கத்தியபோது, அவள் கைகாட்டிய அடுப்பில் பால் பொங்கி, பாத்திரத்தின் விளிம்புக்கு மேலே நான்கு விரல் உயரம் எழும்பி, வழியவும் செய்யாமல் இறங்கவும் செய்யாமல் நின்று ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. “அடுப்புல எப்படிம்மா போடுவ? அதுலதான் பால் இருக்கே” என்றார் அவர். சண்டையில் போய் நியாயம் பேசுகிற பழக்கம் அவருக்கு. அந்த வீட்டுச் சண்டைகள் நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம். “அது பாலா? பால்னா ஒண்ணு டீ போடணும், இல்ல கெட்டுப் போகணும். ரெண்டும் ஆகலன்னா அதுக்குப் பேர் என்னங்க?” என்று கேட்டாள் அவள். மகள் குறுக்கே புகுந்து, “அப்பா, புத்தகத்துல ஒரே ஒரு ஃபாரம்தான்ப்பா பாக்கி. பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு கட்டு. ஒரு டீ குடிக்கிற நேரம்” என்றாள். “டீயை நான் என்னைக்கும்மா முழுசாக் குடிச்சிருக்கேன்?” என்றார் அவர். அது உண்மை. அந்த வீட்டில் எந்த டம்ளரைத் தூக்கிப் பார்த்தாலும் அடியில் ஒரு மடக்கு மிச்சமிருக்கும். இதைக் கேட்டதும்தான் மனைவிக்குப் பொறுமை போயிற்று. டிவியின் மேல் குப்புறக் கிடந்த காதல் கதையை ஒரு கையிலும், ஜன்னல் திட்டில் குப்புறக் கிடந்த கப்பல் கதையை மறு கையிலும் எடுத்து, பிள்ளையைத் தோளைப் பிடித்து உலுக்குவதுபோல உலுக்கினாள். வருடக்கணக்கில் வயிறு தரையில் பட விரிந்து கிடந்து முதுகு விட்டுப்போன புத்தகங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பிரிந்து, காகிதக் கட்டுகளாகக் கூடமெங்கும் சிதறின. எல்லோரும் அடுப்பைப் பார்த்தார்கள். பால் இறங்கவில்லை. வாசற்படியில் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றிருந்த மச்சானும் இதில் தலையிடவில்லை. அவரால் முடியாது.

இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் ரீடிங்காரரின் படிக்கிற முறையைச் சொல்ல வேண்டும். மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வரும் வேலை அவருக்கு. வாசலில் நின்று “ரீடிங்” என்று ஒரே ஒரு சொல் சொல்வார். நாங்கள் கதவைத் திறப்போம். அதுவே பெயராயிற்று. ஆள் பயங்கரமான வாசிப்புக்காரரும்கூட என்பது பிறகு தெரியவந்தபோது, வேறு பெயர் யோசிக்கிற சிரமம் எங்களுக்கு மிச்சமானது. நாள் முழுக்க நடக்கிற வேலை என்பதாலோ என்னவோ, அவரால் உட்கார்ந்து படிக்க முடியாது. சமையலறையிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து ஜன்னலுக்கும் நடந்துகொண்டே படிப்பார். கதையில் யாராவது ஓடினால் இவர் நடையும் வேகமெடுக்கும். கீழ்வீட்டுக்காரர்கள் மேலே சத்தம் கேட்டே “இன்னைக்குத் துரத்தல் கட்டம் போல” என்று பேசிக்கொள்வார்கள். முன்னுரை படிக்கமாட்டார். சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது, முன்னுரையும் அந்த வகைதான் என்பார். பின்னட்டையில் எழுதியவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு படம் போட்டிருந்தால், “இவருக்கே இவ்வளவு கவலைன்னா நமக்கு எதுக்கு?” என்று திருப்பி வைத்துவிடுவார். சிறுகதை ஆகாது, செருப்பைக் கழற்றுவதற்குள் கிளம்பச் சொல்கிறார்களாம். தலையணை கனத்துக்கு இருக்கும் நாவல்களும், யாராவது ஒருத்தர் ரயிலைத் தவறவிடுகிற கதைகளும் பிடிக்கும். ரயிலைத் தவறவிட்டால் ஏன் பிடிக்கும் என்று கேட்டதற்கு, “போகலையே” என்றார். அப்போது எங்களுக்கு அது விளங்கவில்லை.

படிக்காத நேரத்தில் புத்தகத்தை அவர் கையில் தூக்கிக்கொண்டு அலையமாட்டார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் வீட்டில் ஓர் இடம். படிக்க வேண்டுமென்றால் இவர்தான் அங்கே போய் எடுக்க வேண்டும், நிறுத்தினால் அங்கேயே வைக்க வேண்டும். துப்பறியும் கதை சமையலறை அலமாரியில். ஏதோ ஒரு ராஜாவின் வரலாறு, இரண்டு செங்கல் கனம், வாசலில் செருப்பு வைக்கும் தட்டின் மேல். காதல் கதை டிவியின் மேல். கப்பல் கதை ஜன்னல் திட்டில், காற்றுக்காக. கட்டிலின் தலைமாட்டில் மெலிந்த புத்தகம் ஒன்று, பெயர்கூட யாருக்கும் தெரியாது. பக்கத்தின் மூலையை மடிப்பது அவரைப் பொறுத்தவரை காதைத் திருகுவது. அடையாளத்துக்கு பஸ் டிக்கெட் வைப்பது, வீட்டுக்கு வந்தவரை வரிசையில் நிற்கச் சொல்வது. ஆகவே நிறுத்துகிற இடத்தில் விரித்தபடி குப்புறக் கவிழ்த்து வைப்பார். எல்லாப் புத்தகத்தையும் கடைசி ஃபாரம் வரைக்கும் கொண்டுவந்து, முற்றும் என்ற சொல் அடுத்த அறையில் இருமுவது கேட்கிற தூரத்தில் நிறுத்தி, கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த புத்தகத்தைத் தொடங்குவார். ஏன் முடிப்பதில்லை என்றால் “முடிச்சுட்டா அப்புறம் என்ன பண்றது?” என்பார். சோம்பேறித்தனம் என்று பாதித் தெரு சொன்னது, திமிர் என்று மீதித் தெரு.

அப்படிக் கவிழ்த்து வைக்கிற நொடியில் வீட்டில் அந்தப் புத்தகத்தின் அருகில் எது நடந்துகொண்டிருந்ததோ அது அங்கேயே நின்றுவிடும். கொலைகாரன் யார் என்று தெரியவரும் முன்பு துப்பறியும் கதையைக் கவிழ்த்து வைத்தார்; பால் நின்றது. அடியில் நீலத் தீயும் அப்படியே நின்றது, கேஸ் கொஞ்சமும் குறையாமல். சிலிண்டர் கொண்டுவருகிறவர் வந்து பார்த்துவிட்டு, “இப்படி எல்லா வீட்டுலயும் ஆச்சுன்னா எங்க பொழப்பு என்னாகிறது?” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பக்கத்தில் இன்னொரு அடுப்பு வாங்கிப் போட்டார்கள். கப்பல் கதையைக் கவிழ்த்தபோது காற்றில் பறந்த ஜன்னல் திரை, தகரம்போலக் கிடையாக நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மனைவி அதன்மேல் துணி காயப்போட்டாள். மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், வந்து சாப்பிட்டுக் கிளம்பும்போது செருப்பில் ஒரு காலை நுழைத்து, “அப்ப நான் போயிட்டு” என்றார். யாரும் வெறுமனே போகிறேன் என்று சொல்லமாட்டார்களே, போய்விட்டு வருகிறேன் என்றுதானே சொல்வார்கள். அந்த ‘வர்றேன்’ வருவதற்குள் ரீடிங்காரர் ராஜாவின் வரலாற்றைக் கவிழ்த்து வைத்துவிட்டார். மச்சான் நின்றார். பசி இல்லை, தாடி வளரவில்லை, முகத்தில் விடைபெறுகிற சிரிப்பு மட்டும் மாறாமல் இருந்தது. அவருடைய அலுவலகத்தில் முதலில் லீவு போட்டார்கள், பிறகு ஓய்வே கொடுத்துவிட்டார்கள். அவர் மனைவி முதல் மாதம் வந்து சண்டை போட்டாள். அடுத்த மாதம் அழுதாள். அதற்கப்புறம் வாரத்துக்கொருமுறை வந்து முகத்தைத் துடைத்து, சட்டையைத் தட்டிவிட்டு, ஊர்க் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். “வீட்ல இருந்தப்பகூட இவ்வளவு நேரம் நான் பேசி இவர் கேட்டதில்ல” என்றாள். ரீடிங்காரர் மனைவி போகவர அண்ணன் தோளில் துடைப்பதற்கு ஒரு துணியும், முழங்கையில் குடையும் மாட்டி வைத்தாள். தெருவில் ஒருத்தி, “எங்க மாமியார் தூங்குறப்ப வந்து ரெண்டு பக்கம் படிச்சுட்டு அப்படியே கவுத்து வெச்சுட்டுப் போங்க சார், புண்ணியமாப் போகும்” என்று அவரிடம் கேட்டே விட்டாள். அவர் வெளியில் புத்தகம் எடுத்துப் போவதில்லை என்று மறுத்துவிட்டார். அதிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை.

மற்றவர்கள் அந்தப் புத்தகங்களை எடுத்தால், மூடினால், சத்தமாக வாசித்துக் காட்டினால் ஒன்றும் ஆகாது. அவர் கண்ணால் முற்றும் வரை படித்தால்தான் நின்றது நகரும். ஆகவே அந்த வீட்டுக்குள் நுழைந்தாலே தும்மல் வரப்போய் வராமல் நிற்கிற மாதிரி ஒரு அவஸ்தை. உட்கார்ந்தவர்கள் எழுந்துகொள்வார்கள், எழுந்தவர்கள் எதற்கு எழுந்தோம் என்று யோசிப்பார்கள். போகப் போகத் தெருவுக்கே அது தொற்றிற்று. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம், போன பிறகு மீதியைச் சொல்லத் திரும்பி வந்தோம். தெருமுனை டாக்டருக்கு மட்டும் இது எங்கள் எல்லோருக்கும் முன்பே தொற்றியிருந்தது. ரீடிங்காரர் மனைவியை எங்கே பார்த்தாலும் நிறுத்தி, “அம்மா, உங்களுக்கு...” என்று ஆரம்பிப்பார். அப்புறம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “என்னமோ சொல்ல வந்தேன்” என்று போய்விடுவார். மகள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலிருந்தே இது நடந்துவந்தது. வயதாகிறது என்று நாங்கள் விட்டுவிட்டோம். அதேபோல, கட்டில் தலைமாட்டில் கிடந்த அந்த மெலிந்த புத்தகம் எதை நிறுத்தி வைத்திருக்கிறது என்பதையும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. விசாரிக்காமல் இல்லை. மீட்டர் வாசல் பக்கம் இருந்ததால், படுக்கையறைக்குள் போய்ப் பார்க்க ஒரு சாக்கு கிடைக்கவில்லை.

குப்புறப் போட்டுப் போட்டு முதுகு விட்டுப்போகிற புத்தகங்களை மகள்தான் பைண்டரிடம் எடுத்துக்கொண்டு போவாள். பைண்டர் இளவயதுக்காரன், கடையில் எந்நேரமும் வேலை, விரல்நுனியில் பசை காய்ந்து உரிந்துகொண்டே இருக்கும். முதலில் அவள் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு தைத்து முடிக்கும்வரை இருந்து வாங்கி வந்தாள். அதற்கும் பிறகு நன்றாக இருக்கிற புத்தகங்களின் முதுகும் அந்த வீட்டில் உடையத் தொடங்கிற்று. ஒருநாள் பைண்டரின் அம்மா நாலு பேரோடு பெண் கேட்டு வந்தார்கள். டீ கொடுத்தாயிற்று, பேச்சு நன்றாகவே போயிற்று. “எங்க பையனுக்கு உங்க பொண்ணத் தர உங்களுக்குச் சம்மதமா?” என்று அந்தம்மா நேராகக் கேட்டார்கள். ரீடிங்காரர் நடக்கத் தொடங்கினார். டிவி பக்கம் போனார். காதல் கதையைப் புரட்டி நாலு வரி படித்தார். “சம்” என்றார். புத்தகத்தைக் கவிழ்த்தார். அவ்வளவுதான். அந்தச் சொல் மேற்கொண்டு வரவேயில்லை. மற்ற எல்லாம் பேசுவார், மீட்டர் எண் சொல்வார், மனைவியோடு சண்டை போடுவார், இந்தக் கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் “சம்” என்று நிற்பார். சம்மதம்தான் என்றாள் மனைவி. சம்பளம் எவ்வளவு என்று கேட்க வந்திருப்பார் என்று பைண்டரின் அம்மா கோபித்துக்கொண்டு எழுந்தார்கள். “பசை தடவுறவன்தானேன்னு இளப்பம்! கைநீட்டிச் சம்பளம் வாங்குறவன் இல்ல எம் புள்ள, சொந்தக் கடை வெச்சிருக்கான்!” என்று படியிறங்கும்போது தெருவுக்கே கேட்டது. சம்பந்தி என்று கூப்பிட வந்தார் என்றார்கள் சிலர். சும்மா என்பதைத்தான் நாக்குத் தடுமாறிச் சொன்னார் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னதை யாரும் ஏற்கவில்லை.

இப்படியே நாள் போய்க்கொண்டிருந்தபோது பைண்டருக்குக் கடல் கடந்து ஒரு பெரிய அச்சகத்தில் வேலை கிடைத்தது. உடனே கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டுத்தான் ஆரம்பத்தில் சொன்ன அந்தச் சண்டை. சிதறிய ஃபாரங்களை மகள் முந்தானையில் அள்ளிக்கொண்டு கடைக்கு ஓடினாள். காதல் கதையும் கப்பல் கதையும் ஒரே அளவு, ஒரே மங்கிய மஞ்சள் தாள், இரண்டுக்கும் பக்கத் தலையில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பைண்டர் வரிசைப்படுத்தித் தைத்தான். அவள் எதிரில் உட்கார்ந்து நூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதாள், அவன் ஆறுதல் சொன்னான், ஊசி மட்டும் தன் வேலையைப் பார்த்தது. காதல் கதையின் கடைசி ஃபாரம் கப்பல் கதைக்குப் பின்னாலும், கப்பல் கதையின் கடைசி ஃபாரம் காதல் கதைக்குப் பின்னாலும் போயிற்று. தெரியாமல் நடந்தது என்று அவன் பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொன்னான். தொழில் தெரிந்தவன், எண்ணைப் பார்த்துத்தான் அடுக்கினான், இரண்டிலும் எண் ஒன்றாகவே ஓடியது, அவன்மேல் தப்பில்லை. இருந்தாலும் கடல் கடந்து போகவேண்டியவன் கையில் கப்பல் ஏன் வந்து காதலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது என்று நாங்கள் கேட்காமலில்லை.

தைத்த புத்தகங்கள் வீட்டுக்கு வந்து, அதனதன் இடத்தில் ஏறின. ரீடிங்காரர் அவற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தார். எடுக்கவில்லை. அந்த நாட்களில் கீழ்வீட்டில் காலடிச் சத்தம் நிற்கவேயில்லை. கூரை தேய்ந்துவிடும் என்று பயந்தார்கள். பைண்டர் கிளம்புகிற நாளும் வந்தது. காலையில் மகள் பெட்டியோடு கூடத்துக்கு வந்தாள். “நீங்க படிங்க, படிக்காம இருங்க. நான் அவரோட போகப் போறேன். உங்க சொல்லு உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றாள். அவர் “சம்” என்றார். “தெரியும்ப்பா, ஒரு வருஷமா அதையேதான் சொல்றீங்க” என்றாள் அவள். வாசலுக்குப் போனாள், மாமா பக்கத்தில் குனிந்து செருப்பில் ஒரு காலை நுழைத்தாள், நிமிர்ந்தாள். “நான் போ” என்றாள். நாங்கள் எல்லோரும் எங்கள் ஜன்னல்களிலிருந்து எட்டிப் பார்த்தோம். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, போறேன் என்றுதான் சொல்லப் போகிறாள். வருகிறதைச் சேர்க்கப் போவதில்லை. பெற்ற அப்பாவிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவள் திரும்ப வருவது ஏது? ரீடிங்காரர் பாய்ந்து காதல் கதையை எடுத்தார், ஒன்றரை வரி படித்தார், பட்டென்று டிவியின் மேல் கவிழ்த்தார்.

மகள் நின்றாள். ஒரு காலில் செருப்பு, வாய் ஓகாரத்தில் குவிந்தபடி, இடது கண் ஓரத்தில் ஒரு சொட்டு விழப்போய் விழாமல். மாமாவும் அவளும் வாசலின் இரண்டு பக்கமும் அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தவர்களுக்கு ரீடிங்காரரின் முகம் நன்றாகத் தெரிந்தது. நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. இனி அவள் எங்கும் போகமாட்டாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல்முறை. அப்போது சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். வீடு இடியப் போகிறது என்று நாங்கள் எல்லோரும் ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டோம். அவள் கத்தவில்லை. மகளைப் பார்த்தாள். அண்ணன் தோளிலிருந்த துணியை எடுத்தாள். அண்ணன் முகத்தைத் துடைத்தாள், அவர் சட்டையைத் தட்டிவிட்டாள். கை பழகிப்போன வேலை, அதே கையோடு திரும்பி மகளின் தோளிலும் தூசி தட்டினாள். நெற்றியைத் துடைத்தாள். பிறகு மூலையிலிருந்த இன்னொரு குடையை எடுத்து மகளின் முழங்கையில் மாட்டப் போனாள். போன கை பாதியில் நின்றது, புத்தகம் எதுவும் கவிழாமலேயே.

ரீடிங்காரர் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்தார். நடந்துகொண்டே படித்தார். மகளைப் பார்க்கவில்லை. விட்ட இடம் முந்தைய ஃபாரத்தின் கடைசி வரிகளில் இருந்தது. புரட்டியதும் காதலர்களைக் காணோம், துறைமுகம் வந்தது. அவர் ஒரு கணம் நின்று, அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி நடந்தார். கயிறுகளை அவிழ்த்தார்கள். நங்கூரம் ஏறியது. கூடத்தில் உப்புக்காற்று அடித்தது, தரையில் ஈரம் பரவி நாற்காலிக் கால்களை நனைத்தது, வீடு மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்ததில் அலமாரியில் டம்ளர்கள் நகர்ந்தன; கீழ்வீட்டுக்காரர் வாளியை எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். கப்பலில் இருந்தவர்கள் கரையில் இருந்தவர்களைப் பார்த்துக் கையசைத்து, “போயிட்டு வர்றோம்” என்று கூவினார்கள். கப்பல் சின்னதாகி, கைக்குட்டை அளவாகி, புள்ளியாகி, முற்றும் என்ற சொல் வந்தது. ரீடிங்காரர் அதையும் படித்தார். அவர் வாயிலிருந்து “மதம்” என்று மீதிச் சொல் வந்து விழுந்தது. அதே நேரத்தில் வாசலில் மகளின் கண்ணிலிருந்த சொட்டு கீழே இறங்கியது. கோபத்தோடு தொடங்கியவள்தான், ஆனால் சொல்லின் பின்பாதி கப்பலிலிருந்து வந்துவிட்டது. “யிட்டு வர்றேன்ப்பா” என்றாள். தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

ஒன்றை முடித்தவருக்குப் பிறகு கை நிற்கவில்லை. ராஜாவின் வரலாற்றை எடுத்தார், ராஜா படுக்கையில் கிடந்து இறந்தார். மச்சான் “வர்றேன்” என்று சொல்லி முழங்கைக் குடையை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, யாருடையது என்று கேட்காமல் அதையும் எடுத்துக்கொண்டு போனார். கப்பல் கதையை எடுத்தார், கடைசியில் கப்பல் தலைவன் அதுவரை கதையிலேயே வராத ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். “வாழ்க்கையில இப்படித்தான் திடீர்னு நடக்குது” என்று ரீடிங்காரர் அதையும் ஏற்றுக்கொண்டார். ஜன்னல் திரை கீழே இறங்கியது, காயப்போட்ட துணியெல்லாம் தெருவில் விழுந்தது, அதைப் பொறுக்கிக்கொண்டு பைண்டரின் அம்மா படியேறி வந்தார்கள். அவர் மறுபடி சொன்ன சம்மதம் என்ற சொல் இந்த முறை அவர்கள் காதில் முழுசாக விழுந்தது. துப்பறியும் கதையில் கொலைகாரன் பக்கத்து வீட்டுக்காரன் என்று தெரியவந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களாகிய எங்களுக்கு அந்த முடிவில் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

மனைவி படுக்கையறைக்குப் போய் நின்றாள். “இது மட்டும் ஏன் பாக்கி? இதையும் முடிச்சுடுங்க” என்றாள். “அது வேண்டாம்மா” என்றார் அவர். அவள் தலைமாட்டில் கிடந்த புத்தகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சுற்றிலும் தூசி துடைத்திருந்தாளே தவிர, இத்தனை வருடத்தில் அதை அவள் எடுத்துப் பார்த்ததில்லை. “குழந்தை தவழ்றப்ப எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தேனே, டாக்டர் வந்தாரே. அன்னைக்குப் படிச்சதா?” அவர் ஆமாம் என்றார். “அவர் என்ன சொல்ல வந்தாரு?” என்றாள். “தெரியாது. சொல்ல விடல” என்றார். இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தச் சுவரின் இந்தப் பக்கமும் வீடுதானே. அவள் தலைமாட்டைச் சுற்றித் தூசி தட்டுகிற சத்தம் வந்தது. பிறகு அவள், “சரி, கிடக்கட்டும். அடுப்பெல்லாம் பால், போய்த் துடைக்கணும்” என்று சொன்னது கேட்டது. அவர் பின்னாலேயே போய் டீ போட்டார். இரண்டு பேரும் முழுசாகக் குடித்தார்கள்.

அதற்குப் பிறகு பைண்டரின் வேலைக்கு இன்னும் ஒரு மாதம் தவணை கிடைத்தது. மகளுக்கும் அவனுக்கும் கல்யாணம் நடந்தது. எல்லோரும் விமானத்தில் பறக்கிற காலத்தில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் எங்கே கேட்டும் கப்பலில்தான் இடம் இருந்தது, போனார்கள். சொன்ன சொல்படி வருடத்துக்கொருமுறை வந்துபோகிறார்கள். முதலில் இருவராக, பிறகு மூவராக. பைண்டரின் அம்மாவும் பிற்பாடு அவர்களிடம் போய்ச் சேர்ந்து, அங்கே சம்பளம் என்ற சொல்லைக் கேட்டால் இன்னும் கோபப்படுவதாகக் கேள்வி. மச்சான் வீட்டுக்குப் போய் இரண்டு வாரத்தில், இவர் இவ்வளவு பேசுகிற ஆள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது என்று அவர் மனைவி வந்து அலுத்துக்கொண்டாள். பிறகு இருவரும் தங்கள் பிள்ளை இருக்கும் ஊருக்கு வீடு மாறிவிட்டார்கள், குடை உட்பட. மாமியாரை நிறுத்தி வைக்கக் கேட்டவளின் மாமியார் தானாகவே மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ரீடிங்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர்களும் படியில்லாத ஒரு சின்ன வீட்டுக்கு மாறினார்கள். இப்போதெல்லாம் வாங்குகிற புத்தகங்களைக் கடைசிவரை படித்து முடிக்கிறார் என்றும், முடித்ததும் ஒருநாள் முழுக்க யாரோடும் பேசுவதில்லை என்றும் சொல்கிறார்கள். வீடு மாறிய அன்று, சாமான் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, கடைசியாக ரீடிங்காரர் மனைவி கீழே இறங்கி வந்தாள். இரண்டு கையிலும் ஒரு தட்டு. தட்டில் அந்த மெலிந்த புத்தகம், கட்டிலில் கிடந்தது கிடந்தபடி, விரிந்து, குப்புற. நிறை குடத்தைத் தூக்கி வருகிறவள்போல, பார்த்துப் பார்த்துக் கால்வைத்து வந்தாள். அவர் முன்னால் நடந்து கற்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே போனார். நாங்கள் வழிவிட்டோம். தெருமுனையில் டாக்டர் அவளைப் பார்த்ததும் ஓடிவந்து நிறுத்தினார். “அம்மா, உங்களுக்கு...” என்றார். நெற்றியைத் தேய்த்தார். “ஞாபகம் வந்தா அப்புறம் சொல்லுங்க டாக்டர், ஒண்ணும் அவசரமில்ல” என்று சிரித்துவிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் வண்டியில் ஏறினாள். “போயிட்டு வர்றோம்” என்றாள் எங்களைப் பார்த்து. அவர்கள் இப்போது இருக்கும் தெருவிலும் ஒரு டாக்டர் இருக்கிறாராம். அவருக்கும் அவளைப் பார்த்தால் ஏதோ சொல்ல வந்து மறந்துவிடுகிறதாம்.